மொட்டைச் செம்மண்ணில் காடு: மாசியில் தொடங்கும் வேலை

ஐப்பசியில் முதல் மழை விழுந்த மறுநாள் எனக்கு இரண்டு மூன்று அழைப்பாவது வரும். "அண்ணா, ரெண்டு ஏக்கர் சும்மா கெடக்குது. காடு வளக்கலாம்னு இருக்கோம். கன்னு எங்க வாங்கறது?" இந்த ஆண்டு நடாதீர்கள், மாசியில் கூப்பிடுங்கள் என்பேன். பாதிப் பேர் அப்புறம் கூப்பிடுவதே இல்லை. கூப்பிட்டவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே மாத வரிசையில் எழுதுகிறேன். மாசியிலிருந்து எண்ணினால் கன்று நடும் வேலை ஒன்பதாவது மாதம்தான் வரும். அதற்கு முந்தைய எட்டு மாதம்தான் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

நான் சொல்வது விழுப்புரம், புதுச்சேரி, கடலூர் பக்கத்துச் செம்மண் மேட்டு நிலத்துக்கு. ஆண்டுக்கு 1,200 மி.மீ. அளவில் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். பிறகு ஐந்தாறு மாதம் வறட்சி. இங்கே இயற்கையாக இருந்தது உலர் பசுமைமாறாக் காடு. பெயர் முரணாகத் தோன்றும். கத்திரி வெயிலில்கூட இலை உதிர்க்காமல் நிற்கும் குட்டையான காடு அது. இலை சிறியது, தடித்தது, பளபளப்பானது. விறகு, கட்டடம், முந்திரித் தோப்பு, மேய்ச்சல் என்று போனது போக, மிச்சம் இருப்பதெல்லாம் பெரும்பாலும் சாமிக்குப் பயந்து விட்டுவைத்த கோயில் காடுகள். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரமாகப் புத்துப்பட்டு ஐயனார் கோயிலுக்குப் போனால் பார்க்கலாம். உங்கள் நிலம் என்னவாக ஆக வேண்டும் என்பதற்கு அதுதான் மாதிரி. முதலில் ஒரு நாள் அங்கே போய்ச் சும்மா நடந்துவிட்டு வாருங்கள்.

புதுச்சேரிக்குப் பக்கத்திலுள்ள ஆரோவில் குடியிருப்பையும் பாருங்கள். 1968 பிப்ரவரி 28 அன்று அது தொடங்கியபோது எடுத்த படங்களில் சிவந்த பொட்டலும், நடுவில் ஓர் ஆலமரமும், அங்கங்கே பனையும்தான் தெரியும். மழை பெய்தால் செம்மண் ஓடைகளாகக் கரைந்து வங்கக் கடலுக்குப் போனது. முதலில் வந்தவர்கள் வரப்புப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினார்கள், மாடு ஆடு நுழையாமல் காத்தார்கள், வேகமாக வளரும் மரங்களை வைத்தார்கள். அந்த நிழலுக்கு அடியில் நாட்டு மரங்களைக் கொண்டுவந்தார்கள். 1973இல் தொடங்கிய பிச்சாண்டிக்குளம் காட்டில் இன்று நடந்தால் மேலே வானம் தெரியாது. அவர்கள் கற்ற பாடம் ஒன்று நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. முதலில் நிழலுக்காக வைத்தவற்றில் ஆஸ்திரேலிய அக்கேசியா அதிகம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தபோது அவை கூட்டம் கூட்டமாகச் சாய்ந்தன. நாட்டு மரங்கள் அவற்றைவிட நன்றாகத் தாங்கின. நிழல் மரத்தையும் நாட்டு மரமாகவே தேர்ந்தெடுக்க நமக்கு இது போதுமான காரணம்.

மாசி, பங்குனி: நடந்து பாருங்கள்

மண்வெட்டி வேண்டாம். ஒரு நோட்டும் ஒரு பை சுண்ணாம்பும் போதும்.

முதல் கேள்வி, இது யார் நிலம்? பட்டா உங்கள் பெயரில் இருந்தால் சிக்கல் இல்லை. மேய்க்கால் புறம்போக்கு, ஏரிக்கரை என்றால் ஊராட்சியிலும் வருவாய்த் துறையிலும் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு குழியும் தோண்டாதீர்கள். காப்புக் காட்டுக்குள் நல்ல எண்ணத்தில்கூட விதை வீசப் போகக் கூடாது. அது வனத்துறையின் இடம், வேலையும் அவர்களுடையது.

இரண்டாவது கேள்வி, இங்கே காடு இருந்ததா? எல்லா வெற்று நிலமும் அழிந்த காடு அல்ல. நீலகிரியின் மேட்டுப் புல்வெளியைச் சும்மா கிடக்கும் இடம் என்று நினைத்துச் சீகை (வாட்டில்) மரம் வைத்தார்கள், இன்று அதைப் பிடுங்குவதற்குப் பாடுபடுகிறார்கள். ஏரிக்குள்ளும் ஓடைத் தடத்திலும் மரம் வைப்பதும் அதே வகைத் தவறு.

மூன்றாவதுதான் முக்கியம். ஏற்கெனவே என்ன உயிரோடு இருக்கிறது? இதில்தான் நான் தடுக்கி விழுந்தேன். முதல் ஆண்டு ஜேசிபி வைத்து முள்ளும் புதருமாகக் கிடந்ததை இரண்டே நாளில் வழித்துவிட்டேன். தரை மேசை மாதிரி ஆனது. பெருமையாக நின்றுகொண்டிருந்தபோது ஆடு ஓட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார்.

"இன்னா தம்பி, முள்ள எல்லாம் வாரிட்ட?"

"ஆமாங்க ஐயா. மரம் வைக்கப் போறேன்."

"மரம் அதுக்குள்ளதான இருந்திச்சு. என் ஆடு எட்டாத எடம் அது ஒண்ணுதான்."

சுருக்கென்றது. வரப்போரம் தப்பியிருந்த ஒரே ஒரு சூரைப் புதரை விலக்கிக் காட்டினார். உள்ளே முழங்கால் உயரத்தில் ஒரு வேம்பு, கையளவில் ஒரு குருந்து. சின்னான் குருவி சூரைப் பழம் தின்ன உட்கார்ந்து, வேறெங்கோ தின்ற கொட்டையை எச்சத்தோடு போட்டுவிட்டுப் போகிறது. முள் அதைக் காக்கிறது. நான் கூலி கொடுத்து அழித்தது அப்படிப்பட்ட நூறு இடங்களை.

ஆகவே சூரை, காரை, களா, சங்கஞ்செடி, விடத்தலை எதையும் தொடாதீர்கள். தரையோடு தரையாகக் கடிபட்டுக் கிடக்கும் செடிகளைக் குனிந்து பாருங்கள். கணுக்கால் உயரம்தான் இருக்கும், ஆனால் அடித்தண்டு கட்டைவிரல் தடிமன் இருந்தால் அது செடி அல்ல, வெட்டுப்பட்டும் மேய்பட்டும் நிற்கும் பழைய மரம். உசில், வக்கணை, வெப்பாலை எல்லாம் இப்படிப் பல ஆண்டு காத்திருக்கும். கீழே வேர் முழுசாக இருப்பதால், ஆடு வராமல் ஒரே ஆண்டு காத்தால் நீங்கள் நடும் எந்தக் கன்றையும்விட வேகமாக எழும்பும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் சுண்ணாம்பு பூசிய கல் ஒன்றை வையுங்கள், எண்ணி நோட்டில் எழுதுங்கள். ஏக்கருக்கு இருநூறு, முந்நூறு தேறினால் உங்கள் செலவு பாதியாகக் குறைந்தது.

சீமைக் கருவேலம் மட்டும் விதிவிலக்கு. அதையும் ஒரே மூச்சில் எடுக்காதீர்கள், வெயில் தரையைச் சுட்டுவிடும். பட்டை பட்டையாக, இந்த ஆண்டு ஒன்றுவிட்டு ஒன்று எடுங்கள். மேலே வெட்டினால் நாலு மடங்காகத் துளிர்க்கும். மண்ணுக்குக் கீழே ஓர் அடி வரை தோண்டி வேர்க்கழுத்தோடு எடுக்க வேண்டும். வெட்டிய முள்ளை எரிக்காமல் வேலிக்கு வையுங்கள். இன்னொன்று: அதன் காயைத் தின்ற மாட்டின் சாணியில் விதை உயிரோடு வரும். மட்காத எருவைக் குழியில் போட்டால் நீங்களே சீமைக் கருவேலம் விதைத்ததாக ஆகும்.

சித்திரை, வைகாசி: ஆடும் தண்ணீரும்

முதலில் ஆடு. முள்கம்பி வேலி போட்டுவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பத்து வருடமாக அந்த வழியில் ஆடு ஓட்டியவரிடம் ஒரு வார்த்தை பேசாமல் கம்பி கட்டினால், அது எத்தனை நாள் நிற்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெரியவரோடு நான் செய்துகொண்ட ஏற்பாடு எளிது. ஆடு உள்ளே வராது, ஓட்டிப் போக ஓரமாக ஆறடி வழி விட்டிருக்கிறேன். கார்த்திகையிலிருந்து உள்ளே இடுப்பளவு வளரும் புல்லை அவர் அறுத்துக்கொண்டு போகலாம். எனக்குக் களையெடுப்புக் கூலி மிச்சம், கோடையில் தீப்பிடிக்கும் புல்லும் குறைகிறது. அவர் மற்ற ஆட்டுக்காரர்களையும் பார்த்துக்கொள்கிறார். கம்பி நிரந்தரமல்ல, அதையொட்டி முள்கிளுவைப் போத்து (வெட்டிய கிளை) நட்டு உயிர்வேலி ஆக்கிவிடுங்கள்.

இனித் தண்ணீர். ஒரு கணக்கு போடுவோம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,047 சதுர மீட்டர். அதில் 25 மி.மீ. மழை, அதாவது ஐப்பசியில் ஒரு மாலை நேரத்து மழை, விழுந்தால் ஒரு லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரி பத்து வந்தது மாதிரி. மொட்டை நிலத்தில் அது பெரும்பாலும் மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடிவிடுகிறது. அதை நிறுத்தாமல் தை மாதம் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றுபவரைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

கோடை மழை ஒன்று பெய்து மண் இளகியதும் சமமட்டக் கோடு பிடியுங்கள். கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் போதும். இரு முனையையும் இரண்டு குச்சியில் கட்டி, ஒருவர் நிற்க மற்றவர் நகர்ந்து, தண்ணீர் இரண்டிலும் ஒரே அளவில் நிற்கும் இடங்களில் முளை அடித்துக்கொண்டே போங்கள். கோடு நேராக இருக்காது, பாம்பு மாதிரி வளையும். ஜேசிபி ஓட்டுநர் அதை நேராக்கப் பார்ப்பார், விடாதீர்கள். கோட்டில் இரண்டடி அகலம், ஒன்றரை அடி ஆழம் அகழி எடுத்து, மண்ணைப் பள்ளப் பக்கம் வரப்பாகப் போடுங்கள். இந்த அளவில் ஒரு மீட்டர் அகழி சுமார் 280 லிட்டர் பிடிக்கும். தொடர்ச்சியாக வெட்டாமல் மூன்று நான்கு மீட்டருக்கு ஒருமுறை ஓரடி மண்ணை வெட்டாமல் விடுங்கள். எங்காவது மட்டம் தவறியிருந்தாலும் முழுத் தண்ணீரும் ஒரே மூலைக்கு ஓடி வரப்பை உடைக்காது. நூறு அடிக்கு இரண்டடி சரிவு உள்ள நிலத்தில் இருபது மீட்டருக்கு ஒரு வரப்பு போதும், சரிவு கூடினால் நெருக்கிப் போடுங்கள். நிரம்பினால் வழிய, கல் பரப்பிய வழி ஒன்று கட்டாயம் வேண்டும். என் முதல் வரப்பு அது இல்லாததால்தான் உடைந்தது.

ஏற்கெனவே ஓடை அரித்திருந்தால் பள்ளத்தில் தொடங்காதீர்கள். மேட்டில், ஓடை ஒரு முழம் அகலம் இருக்கும் இடத்திலிருந்து, வெட்டிய முள்ளையும் கல்லையும் குறுக்கே அடைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வரப்பின் மேல் புரட்டாசி வாக்கில் பனங்கொட்டை ஊன்றலாம். முளைக்கும், ஆனால் அது பேரப்பிள்ளைகளுக்கு.

வைகாசி முதல் ஆடி வரை: விதை

விதைப் பந்து பற்றிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு நல்ல விளையாட்டு. வேலியும் நிழலும் இல்லாத கெட்டித் தரையில் வீசினால் எறும்புக்கும் எலிக்கும் தீனி, முளைத்தது ஆட்டுக்கு. நான் விட்டுவிட்டேன்.

நாற்றங்காலில் வேம்பு, புங்கன், பூவரசு எளிதாகக் கிடைக்கும். வீரை, காசான், குருந்து கேட்டால் பலர் முழிப்பார்கள். அதனால் நீங்களே விதை எடுக்கப் பழகியே ஆக வேண்டும். கோயில் காட்டில் எடுக்க முதலில் பூசாரியிடம் கேளுங்கள். சில கோயில்களில் சுள்ளிகூட வெளியே போகக் கூடாது என்பது கட்டு. அனுமதித்தால் தரையில் விழுந்ததை மட்டும், ஒரே மரத்தடியில் அள்ளாமல் பத்துப் பன்னிரண்டு மரங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். ஒரே தாயின் பிள்ளைகளால் ஆன காடு நோய் வந்தால் மொத்தமாகப் படுக்கும்.

நாவல், வேம்பு, இலுப்பை விதைகளைச் சேமிக்க முடியாது. சதையைக் கழுவி, நிழலில் ஈரம் உலர்த்தி, ஒரு வாரத்துக்குள் மண் நிரப்பிய நாற்றுப் பையில் ஊன்றிவிடுங்கள். வேப்பங்கொட்டையை மூன்று வாரம் கழித்துப் போட்டு, முளைக்கவில்லை என்று விதை கொடுத்தவரைக் குறை சொல்லியவர்களில் நானும் ஒருவன். கொன்றை நேர் எதிர். ஓடு கல் மாதிரி இருக்கும். கொதித்து இறக்கிய நீரில் போட்டு, அது ஆறியபின் ஓர் இரவு ஊறவிட்டால் முளைக்கும்.

நாற்றுப் பைக்கான கலவை: செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒன்று, நன்றாக மட்கிய தொழுவுரம் ஒன்று. வீரையும் கருங்காலியும் இந்த ஐப்பசிக்குள் நடும் அளவுக்கு வளராது, நான்காம் ஐப்பசியில் வரும் இரண்டாம் நடவுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை நிழல் வந்தபின் வைக்க வேண்டியவை, அவசரமும் இல்லை.

இலங்கையின் வன்னிப் பகுதியில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு வீரையும் பாலையும் கருங்காலியும் சொந்தக்காரர் பெயர் மாதிரி இருக்கும். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் ஒரே குடும்பக் காடுதான். உங்களுக்கு விதை தேடும் சிரமம் எங்கள் அளவுக்கு இருக்காது.

விலைக்கு வாங்கும் கன்றுகளில் ஒன்றை எடுத்துப் பையைப் பிரித்துப் பாருங்கள். அடியில் வேர் ஜிலேபி மாதிரி சுருண்டிருந்தால் அந்த வண்டியையே திருப்பி அனுப்புங்கள். நான் ஒருமுறை ஆறடி உயரக் கன்றுகள் என்று ஆசைப்பட்டு ஒரு தனியார் நாற்றங்காலில் வாங்கினேன். மூன்றாம் ஆண்டு காற்றில் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிடுங்கிப் பார்த்தால், பையின் வடிவத்திலேயே வேர் சுற்றிக்கொண்டு நின்றிருந்தது. ஒன்றரை, இரண்டடிக் கன்றுதான் நல்லது.

ஆவணி, புரட்டாசி: குழி

ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். இந்த மண்ணில் கடப்பாரை இல்லாமல் ஆகாது. மேல் அரையடி மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு, இரண்டு மூன்று வாரம் வெயிலில் ஆறவிடுங்கள். மூடும்போது மேல்மண், ஒரு கூடை மட்கிய எரு, கறையானுக்காக இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு.

இடைவெளி மூன்று மீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 450 குழி. சதுர மீட்டருக்கு மூன்று நான்கு என்று நெருக்கி நடும் மியாவாக்கி முறை நகரத்தில் பத்து சென்ட் இடத்துக்குச் சரி. ஏக்கர் கணக்கில் செய்தால் கன்றுச் செலவிலேயே கை சுட்டுவிடும். சுண்ணாம்புக் கல் வைத்த இடங்களைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் குழி எடுக்க வேண்டாம், அங்கே மரம் இருக்கிறது. வரிசையும் வேண்டாம். அகழியின் பள்ளப் பக்கத்தில் நெருக்கமாகவும், பாறை தெரியும் மேட்டில் கலைத்தும் எடுங்கள்.

ஐப்பசி: நடவு

இவ்வளவு செய்தபின் நடவு இரண்டு நாள் வேலை. தரை ஒரு முழம் ஆழத்துக்கு நனைந்திருக்கிறதா என்று கடப்பாரையால் குத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். கார்த்திகை பாதிக்கு மேல் தள்ளாதீர்கள், வேர் இறங்கும் முன் ஈரம் போய்விடும்.

முதல் ஆண்டு வெயில் தாங்கும் ஆட்கள்: உசில், வெள்வேல், புங்கன், வேம்பு, கொன்றை, வாகை, நுணா, இடையிடையே ஆவாரமும் விராலியும். தண்ணீர் நிற்கும் பக்கம் நாவல், இலுப்பை. பறவையை இழுக்க ஆல், அத்தி ஓரிரண்டு. பையைக் கிழித்து எறிந்துவிட்டு நடுங்கள். சிரிக்காதீர்கள், பையோடு நட்ட கன்றுகளை நான் எத்தனையோ முறை தோண்டி எடுத்திருக்கிறேன். சுற்றிலும் கைப்பிடியளவு பள்ளமாக விட்டு, அறுத்த புல்லைத் தண்டில் படாமல் மூடாக்குப் போடுங்கள்.

சந்தனம் வைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். அது பக்கத்து மரத்தின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் மரம், தனியாக வைத்தால் சோம்பும். கலப்புக் காட்டில் நன்றாகவே வரும், அதோடு திருடனும் வருவான். வீட்டிலிருந்து தெரியாத இடத்தில் நான் வைக்கமாட்டேன். பணத்துக்காக வைக்கிறீர்கள் என்றால் வெட்டுவதற்கான விதிகளை வனத்துறையில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

குழிகளுக்கு நடுவே பத்தடிக் கம்பில் குறுக்குக் குச்சி கட்டிப் பறவைத் தாங்கி நாலைந்து நட்டுவையுங்கள். நெல்வயலில் பூச்சிக்காக வைப்பதுதான். இங்கே அது விதை கொண்டுவரும்.

தை முதல் மூன்று கோடை

தை மாதம் ஒரு நாள் முழுக்க எண்ணுங்கள். எந்த இனம், எத்தனை, எங்கே போனது. காரணத்தையும் எழுதுங்கள்: கறையான், ஆடு, தண்ணீர் தேங்கல், வெறும் காய்ச்சல். என் முதல் ஆண்டில் பாதிக்கு மேல் போனது, அதில் பெரும்பகுதி நான் மேட்டில் வைத்த நாவல். தண்ணீர் நிற்கும் இடத்து மரத்தை மேட்டில் வைத்தது யார் குற்றம் என்று நோட்டு சொன்னது.

முதல் கோடையில் வாரம் ஒருமுறை கன்றுக்குப் பத்து லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே சுற்றும். இரண்டாம் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, வாடியதற்கு மட்டும். மூன்றாம் கோடையில் நிறுத்திவிடுங்கள். மாசி முடிவதற்குள் எல்லை நெடுக மூன்று மீட்டர் அகலத்துக்குப் புல்லைச் செதுக்கித் தீத்தடுப்புக் கோடு போடுவது ஒவ்வோர் ஆண்டும் உண்டு. ஒரு பீடித் துண்டு போதும், மூன்று வருட வேலை ஒரு மதியத்தில் போகும்.

போன இடத்தில் அதே இனத்தைத் திரும்ப வைக்காதீர்கள். பிழைத்தவற்றில் எது அந்த மூலையில் நன்றாக இருக்கிறதோ அதை வையுங்கள்.

நான்காம் ஐப்பசியில் நடுப்பகலில் போய்த் தரையைப் பாருங்கள். பாதித் தரையாவது நிழலாக இருந்தால் இரண்டாம் நடவுக்கு நேரம் வந்துவிட்டது. நாற்றங்காலில் மூன்று ஆண்டாகப் பை மாற்றி மாற்றி வைத்திருந்த வீரை, கருங்காலி, காசான், பாலை, மகிழம், குருந்து ஆகியவற்றை அந்த நிழலுக்குள் ஏக்கருக்கு நூறு என்ற கணக்கில் கொண்டுபோங்கள். நடும் முன் பறவைத் தாங்கிகளின் அடியைக் கையால் விலக்கிப் பார்த்துவிடுங்கள். போன முறை அங்கே வேம்பும் காரையுமாக இருபதுக்கு மேல் எண்ணினேன். அந்த இடங்களுக்குக் குழி தேவைப்படவில்லை.